லெவலும் பாக்கெட் இழப்பும்: ஐபி கோடெக்கில் கச்சேரி அனுப்பும்போது எதை, எங்கே, எப்படிப் பார்ப்பது

மீட்டர் கடைசிவரை ஒழுங்காக ஆடிக்கொண்டுதான் இருந்தது. சபாவிலிருந்து ஸ்டூடியோவுக்கு ஐபி கோடெக் (ஒலியைச் சுருக்கி, சிறு பாக்கெட்டுகளாக நறுக்கி இன்டர்நெட்டில் அனுப்பும் பெட்டி) வழியாக ஒரு மார்கழிக் கச்சேரியை நேரடியாக அனுப்பிக்கொண்டிருந்தோம். பாட்டு முழுக்க ஒரு புகாரும் இல்லை. தனி ஆவர்த்தனம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் ஒருவர் போன் செய்து, "என்ன சார், மிருதங்கம் அங்கங்கே முழுங்குதே" என்றார். கோடெக்கின் பக்கத்தைத் திறந்து பார்த்தால் பாக்கெட் இழப்பு 0.4 சதவீதம், பக்கத்தில் பச்சை விளக்கு. அந்த 0.4-ஐ நம்பி அரை மணி நேரம் மிக்சரையும் மைக்கையும் சந்தேகப்பட்டேன்.

உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட் என்றால் நொடிக்கு 50, ஒரு மணி நேரத்துக்கு 1,80,000. அதில் 0.4 சதவீதம் 720 பாக்கெட், அதாவது 14.4 நொடி ஒலி. இந்த 720-ம் ஒவ்வொன்றாகச் சிதறித் தொலைந்தால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. 25, 25 ஆகக் கொத்தாகத் தொலைந்தால் மணிக்கு ஏறக்குறைய 29 முறை அரை நொடி ஓட்டை விழும். சதவீதம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

அது சரி, அதே ஓட்டை பாட்டில் ஏன் தெரியவில்லை? நீளமான ஓட்டையாக இருந்தால் பாட்டிலும் தெரிந்திருக்கும். அன்றைக்கு முதல் பாதியில் விழுந்தவை ஒன்றிரண்டு பாக்கெட் ஓட்டைகள், அவற்றை வாங்கும் முனையில் ஒலியை விரிக்கும் டீகோடர் தானே மறைத்துவிடும். முந்தைய ஒலியை நீட்டி ஒட்டுப்போடும் வேலை அது. தம்புராவும் நீண்ட கார்வையும் நீட்டினாலும் அப்படியேதான் இருக்கும், அதனால் ஒட்டு தெரியாது. மிருதங்கத்தின் ஒரு சொல்லுக்கான தட்டோ தொலைந்த பாக்கெட்டுக்குள்ளேயே பிறந்து முடிந்திருக்கும். இல்லாத தட்டை எந்த டீகோடரும் கற்பனை செய்து போடாது. அதனால்தான் லெவலையும் இழப்பையும் தனித்தனிப் பக்கங்களில் பார்ப்பதில் பயனில்லை என்கிறேன். இரண்டும் ஒரே நேரக்கோட்டில் இருக்க வேண்டும், அந்த நொடியில் மேடையில் என்ன நடந்தது என்பதும் தெரிய வேண்டும். கீழே உள்ளதெல்லாம் அந்த நிலைக்குப் போய்ச் சேரும் வழி.

டோன் போட்டு இரண்டு முனைகளையும் ஒன்றாக்குங்கள்

மிக்சரிலிருந்து 1 கிலோஹெர்ட்ஸ் டோனை 0 வியூவில் (மீட்டரின் பூஜ்யக் குறியில்) விடுங்கள். பெரும்பாலான தொழில்முறை மிக்சர்களில் அது +4 டிபியூ (அனலாக் மின்னழுத்த அளவு). கோடெக் பெட்டியில் அது எவ்வளவு காட்ட வேண்டும் என்பது பெட்டியின் உச்சத்தைப் பொறுத்தது. உச்சம் +22 டிபியூ என்று கையேட்டில் இருந்தால் -18 டிபிஎஃப்எஸ் (டிஜிட்டல் உச்சத்துக்கு 18 டெசிபல் கீழே) வரும், +24 என்றால் -20 வரும். ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் -18-ஐயும் அமெரிக்கர்கள் -20-ஐயும் அடிப்படை லெவலாக வைத்திருக்கிறார்கள். எதை வைத்தாலும் சரி, இரண்டு முனையிலும் ஒன்றாக இருக்கட்டும்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அனுப்பும் பெட்டி -18 காட்டுகிறது, வாங்கும் பக்கக் கணினி -21 காட்டுகிறது, உடனே எங்கேயோ 3 டெசிபல் போய்விட்டது என்று பதறி கெயினைத் திருப்புகிறார்கள். எதுவும் போகவில்லை. ஒரு மீட்டர் உச்சத்தைக் காட்டுகிறது, இன்னொன்று ஆர்எம்எஸ் (ஒருவகைச் சராசரி) காட்டுகிறது. சைன் அலைக்கு இந்த இரண்டுக்கும் இடையே 3 டெசிபல் வித்தியாசம் இயல்பாகவே உண்டு. வித்தியாசம் சரியாக 3 என்றால் கெயினைத் தொடாதீர்கள், மீட்டர் எந்த வகை என்று பாருங்கள்.

அப்புறம் இடது பக்க டோனை மட்டும் நிறுத்திவிட்டு, மறுமுனையிலும் இடதுதான் நின்றதா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஒரே டோனை விட்டு மோனோவாகக் கூட்டியும் பாருங்கள். கூட்டினால் ஒலி அழிந்துபோனால் ஒரு கேபிளில் இரண்டாம் பின்னும் மூன்றாம் பின்னும் மாறியிருக்கிறது. இதை லெவல் மீட்டர் ஒருநாளும் காட்டிக்கொடுக்காது, தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பக்கமும் அழகாக ஆடும். போன் ஸ்பீக்கரில் கேட்பவருக்கு மட்டும் பாடகர் காணாமல் போயிருப்பார்.

கச்சேரிக்கான லெவல்

தனி ஆவர்த்தனத்தை மனதில் வைத்து லெவல் வையுங்கள். சவுண்ட் செக்கில் கலைஞர் மெதுவாகத்தான் வாசிப்பார், கோர்வையில் அடிக்கும் அடியை அப்போது அடிக்கமாட்டார். நான் சவுண்ட் செக்கில் உச்சம் -12-ஐத் தாண்டாமல் வைப்பேன், அப்போதுதான் கச்சேரியில் அது -6 பக்கம் வந்து நிற்கும். இன்னும் ஏற்றலாமே என்று தோன்றும், வேண்டாம். சுருக்கிய ஒலியை மறுமுனையில் விரிக்கும்போது உச்சங்கள் அனுப்பியதைவிடக் கொஞ்சம் மேலே எகிறும். இங்கே கிளிப் ஆகாதது (உச்சம் வெட்டுப்படாதது) அங்கே கிளிப் ஆகலாம்.

எஸ்என்எம்பி (பெட்டியின் எண்களை நெட்வொர்க்கில் கேட்டு வாங்கும் முறை) வழியாக லெவலை எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஐந்து நொடிக்கு ஒருமுறை கேட்டால் சில பெட்டிகள் அந்தக் கணத்து மதிப்பை மட்டும் சொல்லும். இரண்டு தட்டுகளுக்கு நடுவில் கேட்டிருந்தால் -30, தட்டில் விழுந்திருந்தால் -7. அந்தக் கிராஃபுக்கும் லாட்டரிக்கும் பெரிய வித்தியாசமில்லை. கடைசியாகக் கேட்டதிலிருந்து இதுவரையான உச்சம் என்று தரும் எண் உங்கள் பெட்டியில் இருக்கிறதா என்று கையேட்டில் தேடுங்கள். இல்லையென்றால் வாங்கும் முனையில் ஒரு பழைய லேப்டாப்பை வைத்து, வெளியே வரும் ஒலியை அதற்குள் விட்டு நீங்களே அளந்துகொள்ளுங்கள். எஃப்எஃப்எம்பெக், ஜிஸ்ட்ரீமர் என்ற மென்பொருள்கள் இரண்டிலும் லெவல் அளக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஜிஸ்ட்ரீமரின் லெவல் எலிமென்ட் எதையும் மாற்றாவிட்டாலும் நொடிக்கு 10 முறை உச்சத்தையும் ஆர்எம்எஸ்ஸையும் சொல்லும். இதுதான் நம்பிக்கையான வழி, ஏனென்றால் கோடெக்கின் மீட்டர் எத்தனை சரியாக இருந்தாலும் அதன் அவுட்புட் கேபிள் பிடுங்கிக்கொண்டதை அதனால் சொல்ல முடியாது.

நிசப்தம் மூன்று வகை

நிசப்த அலாரத்துக்கு -50 டிபிஎஃப்எஸ், 10 நொடி என்று எல்லோரும் போடுவதைத்தான் நானும் போட்டிருந்தேன். கச்சேரிக்கு இது பொருந்தாது. சுருதிப் பெட்டி ஓடிக்கொண்டே இருக்கும் மேடையில் உண்மையான நிசப்தம் என்று ஒன்று கிடையாது. ஆகவே கச்சேரிக்கு முன் மைக்கெல்லாம் திறந்திருக்கும்போது, யாரும் பேசாத ஒரு நிமிடத்தில் ஹாலின் இரைச்சல் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். -48 வந்தது என்று வையுங்கள். ஒலி அதற்கும் கீழே போனால் ஹாலுக்கும் கோடெக்குக்கும் நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது.

அதைவிட முக்கியமானது சுத்தமான பூஜ்யம். அனலாக் இன்புட் ஒருபோதும் முழு அமைதியைத் தராது, ப்ரீஆம்பின் சீறல் அடியில் இருந்துகொண்டே இருக்கும். வாங்கும் முனையில் -80, -90 என்று ஏதோ நெளிந்துகொண்டிருந்தால் கோளாறு அனுப்பும் பக்க அனலாக் பகுதியில், அதாவது மைக், கேபிள், ஃபேடர். ஒன்றுமே இல்லை, எல்லா சாம்பிளும் பூஜ்யம் என்றால் அந்த அமைதி டிஜிட்டல் பக்கத்தில் பிறந்தது. டீகோடர் பாக்கெட் இல்லாமல் வெறுமையைத் தள்ளுகிறது, அல்லது யாரோ டிஜிட்டல் மிக்சரில் மியூட் போட்டிருக்கிறார்கள். பாக்கெட் எண்ணிக்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த இரண்டில் எது என்று பத்து நொடியில் தெரிந்துவிடும்.

மூன்றாவது வகை அலாரத்தை ஏமாற்றும். மைக் கேபிள் கழன்று எர்த் மட்டும் விட்டுப்போனால் 50 ஹெர்ட்ஸ் ஹம் -40-இல் உட்கார்ந்துகொண்டு, ஒலி இருக்கிறதே என்று அலாரத்தைத் தூங்கவைத்துவிடும். இதற்கு நான் வைத்திருக்கும் சோதனை, அரை நிமிடமாக லெவல் ஒரு டெசிபல்கூட அசையவில்லை என்றால் மணியடிக்கச் சொல்வது. பாடுகிறவர் யாராக இருந்தாலும் அரை நிமிடம் அசையாமல் பாடமாட்டார்.

பாக்கெட்டை எண்ணுவது

ஒலியைச் சுமக்கும் ஒவ்வொரு ஆர்டிபி பாக்கெட்டிலும் ஒரு வரிசை எண் இருக்கிறது, 16 பிட். எண்ணில் இடைவெளி விழுந்தால் அதுதான் இழப்பு. நீங்களே ஸ்க்ரிப்ட் எழுதி எண்ணுவதாக இருந்தால், 65,535-க்குப் பிறகு எண் பூஜ்யத்துக்குத் திரும்பும் என்பதை மறக்காதீர்கள். நொடிக்கு 50 என்றால் ஏறக்குறைய 22 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பும். நான் மறந்து எழுதிய முதல் ஸ்க்ரிப்ட் 22 நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரம் மாதிரி அலறியது, அதற்கும் நெட்வொர்க்கைத்தான் திட்டினேன்.

பெட்டியின் பக்கத்தில் பொதுவாக நான்கைந்து எண்ணிக்கைகள் இருக்கும். தொலைந்தது, தாமதமாக வந்தது, வரிசை மாறி வந்தது, இரட்டையாக வந்தது, மீட்கப்பட்டது. கேட்பவர் காதுக்கு முதல் இரண்டும் ஒன்றுதான். பஃபர், அதாவது டீகோடர் பாக்கெட்டுக்காகக் காத்திருக்கும் நேரம், 60 மில்லிசெகண்ட் என்றால் 70-இல் வந்து சேர்ந்த பாக்கெட் குப்பைக்குத்தான் போகும். நெட்வொர்க் ஆள் தன் கருவியில் பார்த்துவிட்டு இழப்பே இல்லை என்று சத்தியம் செய்வார், அவர் சொல்வதும் பொய்யல்ல. தாமத எண்ணிக்கையைப் பெட்டியின் டீகோடரைத் தவிர வேறு யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. தாமதம் ஏறி, இழப்பு பூஜ்யமாக இருந்தால் பஃபரைக் கூட்டினாலே தீர்ந்தது. இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் செய்து கத்த வேண்டியதில்லை.

பெட்டியில் இவ்வளவு விவரம் இல்லையா? வாங்கும் முனையில் ஸ்விட்சில் ஒரு மிரர் போர்ட் (போக்குவரத்தின் நகல் வரும் போர்ட்) போட்டு, வயர்ஷார்க் என்ற பாக்கெட் ஆராயும் மென்பொருளை ஓடவிடுங்கள். டெலிஃபோனி மெனுவில் ஆர்டிபி, அதற்குள் ஸ்ட்ரீம் பட்டியல். அங்கே ஒன்றும் தெரியாவிட்டால் அந்த யூடிபி (ஆர்டிபியைச் சுமந்து வரும் நெட்வொர்க் முறை) பாக்கெட் ஒன்றின் மேல் ரைட் கிளிக் செய்து, ஆர்டிபியாகப் பிரித்துப் படி என்று சொல்ல வேண்டும். விபிஎன் வழியாக அனுப்புகிறவர்கள் சுரங்கத்துக்கு உள்ளே இருந்து பிடிக்க வேண்டும், வெளியே பிடித்தால் வரிசை எண்கள் கண்ணுக்குத் தெரியாது.

ஜிட்டர் (பாக்கெட்டுகள் வந்து சேரும் நேரத்தின் ஏற்ற இறக்கம்) என்ற எண்ணை மட்டும் வைத்துப் பஃபர் போடாதீர்கள். ஆர்டிபியின் தர ஆவணமான ஆர்எஃப்சி 3550-இல் சொல்லியிருக்கும் கணக்கு ஒவ்வொரு புதிய விலகலிலும் பதினாறில் ஒரு பங்கைத்தான் சேர்த்துக்கொள்ளும். அமைதியான லைனில் திடீரென்று ஒரு பாக்கெட் 300 மில்லிசெகண்ட் தாமதித்து, பின்னால் வருபவையும் அதோடு சேர்ந்து வந்தால் ஜிட்டர் 19 பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி இறங்கிவிடும். 19 தானே என்று 40 மில்லிசெகண்ட் பஃபர் போட்டால் அடுத்த 300 வரும்போது ஓட்டை. வயர்ஷார்க்கில் மேக்ஸ் டெல்டா என்று ஒரு நெடுவரிசை இருக்கும், இரண்டு பாக்கெட்டுகளுக்கு நடுவில் வந்த அதிகபட்ச இடைவெளி. பஃபரை முடிவு செய்ய வேண்டிய எண் அதுதான். கூடவே ஒன்று, ஆர்டிபி அறிக்கையில் ஜிட்டர் மில்லிசெகண்டில் வராது, டைம்ஸ்டாம்ப் அலகில் வரும். ஓப்பஸ் என்ற ஒலிச் சுருக்க முறைக்கு நொடிக்கு 48,000 அலகு, ஆகவே 480 என்றால் 10 மில்லிசெகண்ட். ஜி.722 என்ற இன்னொரு முறைக்கு சாம்பிள் வேகம் 16,000 ஆனாலும் ஆர்டிபி கடிகாரம் 8,000 தான். ஆரம்பகால ஆவணத்தில் விழுந்த தவறு, பழையவற்றோடு ஒத்துப்போக வேண்டுமே என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

ஓட்டையின் தினுசைப் பார்த்தால் இடம் தெரியும்

அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொலைந்தால் முதலில் கேபிளையும் வைஃபையையும் பாருங்கள். ஸ்விட்ச் போர்ட்டில் சிஆர்சி பிழை (சிதைந்து வந்த பாக்கெட்டுகளின் எண்ணிக்கை) ஏறுகிறதா? கேபிளை மாற்றுங்கள், யோசிக்கவே வேண்டாம். ஒரு பக்கம் ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இருவழிப் போக்கு) என்று கையால் பூட்டி மறுபக்கம் ஆட்டோவில் விட்டிருந்தாலும், போக்குவரத்து ஏறும்போது இதே மாதிரி உதிரும்.

கொத்தாகத் தொலைந்தால் தொலைவதற்கு முன்னால் தாமதம் ஏறியதா என்பதைப் பாருங்கள், மொத்த வேலையிலும் இதுதான் துப்பு. தாமதம் படிப்படியாக ஏறி, பிறகு கொத்தாக விழுந்தால் எங்கோ பாக்கெட்டுகள் காத்து நிற்கும் வரிசை ஒன்று நிரம்பி வழிந்திருக்கிறது. பெரும்பாலும் அது அனுப்பும் இடத்து அப்லோட் பக்கம். தாமதமே ஏறாமல் திடீரென்று அறுந்து திரும்பி வந்தால் மொபைல் இணைப்பு டவர் மாறியிருக்கலாம், அல்லது பாதை மாறியிருக்கலாம்.

எண்ணிக்கைகள் எல்லாம் பூஜ்யம், ஆனால் ஏறக்குறைய ஒரே இடைவெளியில் ஒரு சொடக்கு கேட்கிறது என்றால் நெட்வொர்க்கை விட்டுவிடுங்கள். இரண்டு பெட்டிகளின் கடிகாரங்களுக்கு நடுவில் பத்து லட்சத்தில் 50 வித்தியாசம் இருந்தால் நொடிக்கு 2.4 சாம்பிள் விலகும். 100 மில்லிசெகண்ட் பஃபர் என்பது 4,800 சாம்பிள், வாங்கும் பெட்டி வேகமாக ஓடினால் 33 நிமிடத்தில் அது காலி. நல்ல பெட்டிகள் இதைத் தாமாகச் சரிக்கட்டும், வீட்டில் கட்டிய ஏற்பாடுகளில் நீங்கள்தான் பார்க்க வேண்டும். பஃபர் அளவை கிராஃபில் போட்டால் சரிவாக இறங்கும் ஒரு நேர்கோடாக அது அப்பட்டமாகத் தெரியும்.

வழியிலுள்ள ஒவ்வொரு ரூட்டரையும் சோதிக்கும் எம்டிஆர் கருவியை ஓட்டிப் பார்ப்பவர்கள் நடுவழி ரூட்டர் ஒன்று 40 சதவீதம் காட்டினால் பதறத் தேவையில்லை. அது தனக்கு வரும் பிங்குக்குப் பதில் சொல்ல மெனக்கெடவில்லை, அவ்வளவுதான். இழப்பு அங்கிருந்து கடைசி வரை தொடர்ந்தால் மட்டும் கவலைப்படுங்கள். வாங்குவது லினக்ஸ் கணினி என்றால், யூடிபி புள்ளிவிவரத்தில் ரிசீவ் பஃபர் பிழை ஏறுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள், வாசல்வரை வந்த பாக்கெட்டைக் கணினியே தவறவிட்டிருக்கும்.

இரண்டையும் ஒரே கோட்டில் வைப்பது

கோடெக் தயாரித்தவரிடம் மிப் ஃபைலைக் கேட்டு வாங்குங்கள், அது இல்லாமல் எஸ்என்எம்பியில் எந்த எண் எதைக் குறிக்கிறது என்று புரியாது. கண்காணிப்பு மென்பொருள் ஜாபிக்ஸோ கிராஃபானாவோ, உங்களுக்குப் பழகியது எதுவானாலும், பத்து நொடிக்கு ஒருமுறை தொலைந்தது, தாமதம், பஃபர் அளவு, இரண்டு முனை லெவல் ஆகியவற்றை எடுத்து ஒன்றின்கீழ் ஒன்றாக ஒரே திரையில் போடுங்கள். இரண்டு முனைக் கடிகாரங்களும் என்டிபியில் (நெட்வொர்க் வழியாக நேரத்தை ஒத்துவைக்கும் முறை) ஓட வேண்டும். அரை நிமிடம் விலகியிருந்தாலும் எந்த ஓட்டை எந்தத் தட்டில் விழுந்தது என்று பொருத்த முடியாது. எண்ணிக்கைகளை அப்படியே வரையாமல் முந்தையதற்கும் இப்போதையதற்கும் உள்ள வித்தியாசத்தை வரையுங்கள். பெட்டி ரீஸ்டார்ட் ஆனால் எண் பூஜ்யத்திலிருந்து தொடங்கும், அதையும் ஸ்க்ரிப்டில் கவனித்துக்கொள்ளுங்கள். எஸ்என்எம்பி கடவுச்சொல், பெட்டி வாங்கியபோது இருந்த அதே 'public' என்ற சொல்தான் என்றால் இன்றைக்கே மாற்றுங்கள்.

படிக்கும் முறை இது. லெவல் இரண்டு முனையிலும் ஒன்றாக ஆடுகிறது, இழப்பு கொத்தாக ஏறுகிறது என்றால் கேட்பவர் இன்னும் சில நிமிடத்தில் போன் செய்வார். அனுப்பும் முனையில் லெவல் இருக்கிறது, வாங்கும் முனையில் இல்லை, பாக்கெட் ஒழுங்காக வருகிறது என்றால் டீகோடருக்குப் பிந்தைய கேபிளைப் பாருங்கள். இரண்டு முனையிலும் லெவல் விழுந்து பாக்கெட் ஒழுங்காக இருந்தால் மேடைக்கு ஓடுங்கள்.

அலாரம் இரண்டு போதும் என்பது என் கட்சி. வாங்கும் முனை ஒலி 10 நொடி இல்லாமல் போவது ஒன்று, மேலே சொன்ன அரை நிமிடம் அசையாத லெவலும் இதில் சேர்த்தி. தொடர்ந்து ஐந்து பாக்கெட், அதாவது 100 மில்லிசெகண்ட், தொலைவது ஒரு நிமிடத்துக்குள் மூன்று முறை நடப்பது இன்னொன்று. மற்றதெல்லாம் கிராஃபில் இருக்கட்டும். ஒரு கச்சேரிக்கு நாற்பது தடவை அடித்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவோம், நானும் வைத்திருக்கிறேன்.

கண்டுபிடித்த பிறகு

ஒருவழி ஒலிபரப்புதான் என்றால் பஃபரைத் தாராளமாக 500 மில்லிசெகண்ட் வையுங்கள், யாருக்கும் நஷ்டமில்லை. மேடையிலிருப்பவரோடு ஸ்டூடியோவிலிருந்து பேச வேண்டும் என்றால்தான் சிக்கல். ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டைத் தாண்டினால் பேச்சு முட்டிக்கொள்ளத் தொடங்கும்.

ஓப்பஸில் எஃப்இசி (தொலைந்ததை மீட்கும் வசதி) என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர். அந்த மீட்பு, பேச்சுக்கான சில்க் பகுதி வேலை செய்யும்போதுதான் இயங்கும். 128 கிலோபிட்டில் ஸ்டீரியோ சங்கீதம் அனுப்பினால் ஓப்பஸ் சங்கீதத்துக்கான செல்ட் முறைக்குப் போய்விடும், அங்கே அந்த டிக்கால் ஒரு பயனும் இல்லை. அதற்குப் பதில் ஒரே பாக்கெட்டை இரண்டு முறை அனுப்புங்கள். 128 கிலோபிட் ஒலிக்கு, ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னும் வரும் தலைப்புகள் (முகவரி, வரிசை எண் போன்றவை) எல்லாம் சேர்த்து 144 கிலோபிட் ஆகும், இரட்டித்தால் 288. இன்றைய இணைப்புக்கு அது தூசு. இரண்டாவது பிரதியை 200 மில்லிசெகண்ட் தள்ளி அனுப்பினால் ஒரே கொத்தில் இரண்டும் போகாது. பஃபர் மட்டும் அந்த 200-ஐவிடப் பெரிதாக இருக்க வேண்டும். பெட்டி அனுமதித்தால் ஒன்றை பிராட்பேண்டிலும் மற்றதை 4ஜியிலும் அனுப்புவது இன்னும் நல்லது. ஒரே கம்பெனியின் இரண்டு சிம்மைப் போட்டுவிட்டு இரட்டைப் பாதை என்று சொல்லாதீர்கள், டவர் ஒன்றுதான்.

கச்சேரிக்கு முந்தின நாள் ஒத்திகை பாருங்கள். லினக்ஸில் நெட்எம் என்ற கருவியைக் கொண்டு 1 சதவீதம், 5 சதவீதம் இழப்பைச் செயற்கையாக உண்டாக்கலாம். முதலில் தம்புராவை விட்டுக் கேளுங்கள், பிறகு மிருதங்கப் பதிவை விட்டுக் கேளுங்கள், எந்த எண்ணில் உங்கள் காது முகம் சுளிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நெட்எம் வழக்கமாக உதிரியாகத்தான் தொலைக்கும், கொத்தாகத் தொலைக்க இன்னொரு முறை உண்டு, அதையும் போட்டுப் பாருங்கள். பிறகு கேபிளை மூன்று நொடி பிடுங்கிச் செருகுங்கள். அலாரம் அடித்ததா, ஒலி தானாகத் திரும்பியதா, திரும்ப எத்தனை நொடி ஆனது, மூன்றையும் எழுதிவையுங்கள்.

அன்றைக்கு மிருதங்கத்தை முழுங்கியது எது என்று மறுநாள்தான் தெரிந்தது. கிராஃபில் ஒவ்வொரு கொத்துக்கும் முன்னால் தாமதம் மலை மாதிரி ஏறியிருந்தது, எல்லாமே தனி ஆரம்பித்த பிறகு. போய் விசாரித்தால், அன்று எடுத்த புகைப்படங்களை அலுவலக அறையிலிருந்து ஒரு தம்பி அதே இணைப்பில் நெட்டில் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறான். தனி ஆவர்த்தனம் வந்தால் அவனுக்கு வேலை கொஞ்சம் ஓயுமாம்.